இடது பக்கத்து ஸ்பிரிங்

தம்பி,

என் மருமகள் கவிதா போன வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டாள். நீ வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, உனக்குத் தெரியாமல். தனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது, ஓசூரில் நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து ஆஸ்பத்திரி தூரம், அவசரத்துக்கு ஆட்டோ கிடைப்பதில்லை, பழைய காராவது ஒன்று வாங்கிப் போடலாம் என்று எத்தனையோ முறை உன்னிடம் கேட்டுப் பார்த்தாளாம். நீ அசையவில்லையாம். கடைசியாக நீ சொன்ன பதிலை அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். "எங்க அம்மாவக் கூட்டிட்டுப் போய் மோதினவன் நான். இன்னொரு உயிர என் கையில கொடுக்காத." சொல்லிவிட்டு அழுதாள். "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார்" என்றாள். சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் மூன்று வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இனிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. நம் வெள்ளைக் காரின் இடது பக்கத்து முன் ஸ்பிரிங் முறிந்து, அதன் முனை டயரைக் கிழித்தது. அதனால்தான் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கம்பத்தில் மோதியது. அந்த ஸ்பிரிங் அதற்கு மூன்று மாதம் முன்பே முறிந்துபோனது. அதை ஒட்டவைத்து மறுபடி மாட்டியவன் நான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் உன்னைக் குற்றவாளியாக நிற்கவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மூடி ஒட்டப் போவதில்லை. கவிதா படிக்கட்டும். ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்காரர்களின் போன் குழுவிலும் போடப் போகிறேன். உன் அம்மாவின் சாவு வீட்டில் உன்னை ஒரு மாதிரி பார்த்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நாலு பேர் நடுவில் உன் தலையில் விழுந்த பழியை நான் உன் காதில் மட்டும் ரகசியமாக எடுத்துவிட்டால் அது நியாயமாகாது. இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி அவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

முதலில் இருந்து சொல்கிறேன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காக டிரங்க் ரோட்டைக் குதறிப் போட்டிருந்த காலம். ஒரு நாள் காலையில் பேருந்து நிலையம் பக்கம் போய்த் திரும்பும்போது, பள்ளத்தின் மேல் போட்டிருந்த இரும்புத் தகட்டில் ஏறி இறங்கினேன். இடது பக்கம் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். கல் அடித்திருக்கும் என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலே அதே சத்தம். இரண்டு நாள் கழித்து உன் அம்மா கோலம் போட்டு நிமிர்ந்தவள், "இன்னாங்க, வண்டி ஒரு பக்கமா சாஞ்சினு கீது" என்றாள். டயரில் காற்றில்லை என்று சொன்னேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "காத்து கீது. மேல்பக்கம் தான் குந்திகினு கீது" என்றாள். முப்பத்தோரு வருஷம் ஃபாக்டரியில் ராணுவ டேங்க் பாகங்களை உலையில் காய்ச்சிய எனக்குத் தெரியாதது, அடுப்படியில் இருந்தவளுக்குத் தெரிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல். அந்த எரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பூந்தமல்லியில் பாஷா பாயின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்து, முனை கீழே இருக்கும் கிண்ணத்தில் கோணலாக உட்கார்ந்திருந்தது. "சார், வயசான வண்டி. துரு புடிச்சி துண்டாயிருக்கு. ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்திடலாம். பொருள் வர ரெண்டு மூணு நாள் ஆவும், அது வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்றார். ஒரு பக்கம்தானே போயிருக்கிறது, இன்னொன்றை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "அதுவும் இதே வயசு தானே சார்" என்றார். எவ்வளவு எளிமையான பதில். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. வெல்டு வைத்தால் என்ன என்று கேட்டேன். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஸ்பிரிங்க ஒட்டக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும் சார். நீங்க ஒட்டி எடுத்துனு வந்தா நான் மாட்ட மாட்டேன்."

எனக்குத் தெரியும்தான். அதுதான் இதில் மிகக் கேவலமான விஷயம். ஸ்பிரிங்குக்கென்று செய்த இரும்பை ஒட்டினால், ஒட்டின இடத்தின் ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்குப் போய்விடும். முழு ஸ்பிரிங்கையும் மறுபடி உலையில் வைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, திரும்ப இதமாகச் சூடாக்கி எடுத்தாலும் அதை நம்ப முடியாது. இதையெல்லாம் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். ஆனால் வகுப்பெடுத்தவனுக்குத் தனி விதி என்று ஒரு நினைப்பு இருந்தது. குவார்ட்டர்ஸில் எங்கள் எல்லாருக்கும் அந்த நினைப்பு உண்டு. நாற்பது டன் வண்டியைச் சுமக்கிற இரும்பைச் செய்து கொடுத்துவிட்டு, தம்மாத்துண்டு காருக்குக் கடையில் ஸ்பிரிங் வாங்கினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைப்போம். குக்கர் கைப்பிடியிலிருந்து கட்டில் கால் வரை நாங்களே ஒட்டிக்கொள்வோம். வெளியில் கொடுத்தால் மானம் போய்விடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தேவராஜ் என்று என் பழைய கூட்டாளி பட்டறை வைத்திருக்கிறான், உனக்கு நினைவிருக்கும். அங்கே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அவனும் தயங்கினான். உலையில் வேறு சரக்கு ஏற்றியிருக்கிறது, நாளைக்குக் காலியாகும், முழுசாக வைத்து எடுக்கலாம் என்றான். எனக்கு நாளை வரை பொறுமை இல்லை. வெல்டு வைத்த இடத்தை மட்டும் கேஸ் தீயில் காய்ச்சி, எண்ணெயில் போட்டு, நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னேன். அப்போது என் கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. புரை இல்லாத கண்ணாலும் அந்த வேலையை அப்படிச் செய்திருக்கக் கூடாது. ஆறிய ஸ்பிரிங்கைக் கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினேன். நன்றாகத்தான் ஒலித்தது. தேவராஜ் ஆட்களே மாட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "தாங்குமா?" என்று மட்டும் கேட்டாள். "என்னையே கேக்கறியா?" என்றேன். சாயங்காலம் நீ வந்து கேட்டபோது, ஸ்பிரிங் மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். நீ அதை நம்பித்தான் வண்டியை எடுத்தாய்.

எங்கள் ஃபாக்டரியில் ஒரு பழக்கம் இருந்தது. நான் காய்ச்சிய சரக்கை நானே பாஸ் பண்ண முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் ஆள் வந்து பார்த்து, தட்டி, அளந்து, அவன் முத்திரை வைத்தால்தான் அது அடுத்த பிரிவுக்கு நகரும். எத்தனை சீனியர் ஆனாலும் இதுதான் விதி. பல நாள் அந்த ஆட்களோடு சண்டை போட்டிருக்கிறேன், எங்கள் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவர்கள் என்று திட்டியிருக்கிறேன். அந்த விதி எதற்கு என்று ரிட்டையர் ஆன பிறகுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் நான்தான் வேலைக்காரன், நான்தான் இன்ஸ்பெக்டர். நான் செய்ததற்கு நானே முத்திரை குத்திக்கொண்டேன். கெட்டுப்போனால் அதற்கு ஆளாக நீ இருந்தாய்.

இது முதல் தடவையும் இல்லை. உன் மோவாயில் இருக்கிற தழும்பை நீ தினமும் கண்ணாடியில் பார்க்கிறாய். உனக்கு ஐந்து வயது. கூடத்து உத்தரத்தில் நான் வளைத்து மாட்டிய கொக்கியில் ஊஞ்சல் கட்டினேன். கொக்கி நிமிர்ந்துகொண்டு நீ கீழே விழுந்தாய். வாயெல்லாம் ரத்தம். நான் முதலில் சொன்னது "ஒழுங்கா உக்கார மாட்டியா" என்றுதான். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். நீ ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தாய், ஊஞ்சலில் சரியாக உட்காரத் தெரியாதவன் நீ என்று. உறவுக்காரர்களிடம் நீயே சிரித்துக்கொண்டே சொல்வாய். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

வண்டி ஓட்டுவதிலும் உன் சுபாவம் எனக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றி உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். ஒரு நாய் தூரத்தில் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு காத்திருப்பாய். "இன்னாடா, சாமி ஊர்வலம் போறியா? சைக்கிள்காரன் தாண்டிகினு போறான்" என்று எத்தனை நாள் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். "மெதுவா போனா இன்னா நைனா, போய்ச் சேந்தா போதாதா" என்பாய். உன் வண்டியில் ஏறினால் அசந்து தூங்கலாம் என்று உன் அம்மா சொல்வாள். அப்படிப்பட்ட உன்னிடம் நான் அன்றைக்கு என்ன கேட்டேன் என்று நினைத்துப் பார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானகரத்தில் உன் தாய்மாமன் வீட்டுக்கு நீயும் அம்மாவும் சாப்பாட்டுக்குப் போனீர்கள். எனக்கு முட்டி வலி, நான் வரவில்லை. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் இடித்துவிட்டது என்று நீ போன் பண்ணினாய். ஆட்டோ பிடித்து வந்தேன். அதற்குள் யாரோ புண்ணியவான் தன் வேனில் உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார். நீ அவளோடு போகாமல் எனக்காக நின்றிருந்தாய், சட்டை முழுக்க மாமன் வீட்டில் கொடுத்தனுப்பிய மீன் குழம்பு கொட்டி. நான் உன்னிடம் வரவில்லை. நேராக இடது சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்தேன். வெல்டு வைத்த இடத்தில் ஸ்பிரிங் துண்டாகி, வெளியே வந்த முனை டயரின் உள்பக்கத்தை நீளமாகக் கிழித்திருந்தது. அந்த முறிவைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து நின்று உன்னைப் பார்த்தேன். "வேகமா வந்தியா?" என்று கேட்டேன். "தெர்ல நைனா… அம்மாகிட்ட பேசிகினே வந்தேன்… வேகமாத்தான் வந்துட்டேன் போல" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்தத் தலையாட்டலில் எல்லாம் முடிந்துபோனது.

மறுவாரமே வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டேன். அதைப் பார்க்கவே மனசு தாங்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன், உன்னிடமும். யாராவது குனிந்து பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயம்தான் காரணம். உன் அம்மா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள். இடுப்பும் முதுகும் போனவள் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். நீ சம்பளமில்லாத விடுப்புப் போட்டு அவளைக் குளிப்பாட்டினாய், சோறு ஊட்டினாய். சாவு வீட்டில் உன் மாமன் எல்லார் முன்னாலும் உன் சட்டையைப் பிடித்து, "கொஞ்சம் மெல்ல ஓட்டிகினு வந்திருந்தா எங்க அக்கா இருந்திருப்பாடா" என்று கேட்டான். நீ தலையைக் குனிந்து நின்றாய். நான் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காரியம் முடிந்ததும் நீ ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். உன் கல்யாணத்தையும் அங்கேயே பதிவு ஆபீசில் முடித்துக்கொண்டாய். பிள்ளை ஊரை விட்டே போய்விட்டானே என்று பக்கத்து வீட்டில் புலம்பினேன், வெட்கமில்லாமல்.

கவிதா பேசியதற்கு மறுநாள் வானகரம் போனேன். உன் மாமனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். "மூணு வருசமா இத வெச்சிகினா எங்க ஊட்டுல வந்து சோறு துன்னீங்க மாமா?" என்றான். பிறகு, "அந்தப் புள்ளய நான் சட்டையப் புடிச்சேனே" என்று முகத்தை மூடிக்கொண்டான். அவன் உன்னைப் பார்க்க வருவான். அவன் மேல் கோபப்படாதே. அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எழுத வந்தேன். அதுவும் உண்மை இல்லை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நான் சொல்ல வேண்டிய புத்தி ஒன்று இருக்கிறது. என்னிடமிருந்து புத்தி கேட்கும் நிலையில் நீ இருக்க மாட்டாய், ஆனாலும் கவிதாவுக்காகக் கேள். வண்டி வாங்கு. பழைய வண்டியாக இருந்தால் சமதரையில் நிறுத்தி, தள்ளி நின்று நாலு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார். பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் 'டொக்' என்று கேட்டால் கல் என்று தள்ளிவிடாதே. ஸ்பிரிங் முறிந்திருந்தால் அன்றோடு வண்டியை நிறுத்திவிடு, புதுசாக ஜோடியாக மாற்று. ஒட்டித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், அவன் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அங்கிருந்து கிளம்பிவிடு. பிறகு, உன் பிள்ளை ஏதாவது உடைத்துவிட்டது என்று உனக்குத் தோன்றும்போதெல்லாம், அதை மாட்டியவன் யார் என்று முதலில் பார்.

இப்போது உன் அம்மா விஷயம். ஆஸ்பத்திரியில் நாலாம் நாள். நீ மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாய். அவள் கண்ணைத் திறந்து, "ஸ்பிரிங்கு தானே?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "புள்ள, நான் தான் மோதிட்டேன்னு அழுவறான். நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அவன் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டான். நீங்க சொன்னா கோச்சிக்குவான், அப்பால வந்துடுவான்" என்றாள். அந்த நிலையிலும் எனக்கு ஒரு பிள்ளை மிச்சமிருக்க வேண்டும் என்றுதான் யோசித்தாள். சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். டிஸ்சார்ஜ் ஆகட்டும் என்றேன். பிறகு தீபாவளி போகட்டும் என்றேன். பிறகு, உனக்குக் காய்ச்சல், சரியாகட்டும் என்றேன். நீ ஒவ்வொரு முறை அவள் பக்கத்தில் உட்காரும்போதும் அவள் என்னைப் பார்ப்பாள். நான் காபி போடப் போய்விடுவேன். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் மறுபடி வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவள் போவதற்கு ஒரு வாரம் முன்னால், மத்தியானம், நீ அவள் தலையை மடியில் வைத்து வாரிவிட்டுக்கொண்டிருந்தாய். திடீரென்று சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "என்ன மன்னிச்சிடும்மா" என்று அழுதாய். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச முடிந்தது. "உன் மேல தப்பு இல்லடா. நீ ஒழுங்காத்தான் ஓட்டினே" என்றாள். நீ இன்னும் அதிகமாக அழுதாய். "நீ அம்மா. அப்டித்தான் சொல்லுவே" என்றாய். அவள் உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் கதவண்டை நின்றிருந்தேன். கஞ்சி ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

உன் மனசு ஆறட்டும் என்று அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னதாகத்தான் நீ இத்தனை நாளும் நினைத்திருப்பாய்.

அவள் தெரிந்துதான் சொன்னாள்.